சீர்த்தட்டில் ஹாட் டாக்

இந்தக் கொங்குக்காரர்களுக்குச் சண்டை போடவே தெரியாது என்று, திருப்பூருக்கு வந்த புதிதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மானாமதுரைப் பக்கம் சண்டை என்றால் தெருவே திரண்டுவிடும். மண்ணை வாரித் தூற்றுவது, தலைமுடியைப் பிடிப்பது எல்லாம் உண்டு. மறுநாள் அதே குழாயடியில் சிரித்துப் பேசுவதும் உண்டு. இங்கே என்னடாவென்றால், குடியைக் கெடுக்க வந்தவளையும் ‘வாங்க, உக்காருங்க’ என்கிறார்கள். அந்த ‘ங்க’வுக்குள் எவ்வளவு வன்மத்தை மடித்து வைக்கலாம் என்பது கிருத்திகாவைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நல்லூரில் கிருத்திகாவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். முன்பக்கம் தகரக் கொட்டகையில் அவர்களுடைய யூனிட். குளிர்ச்சட்டைகளின் கழுத்தில் கோக்கிற நாடாவைப் பின்னும் மிஷின்கள் ஒரு ஓரம், தையல் மிஷின்கள் இன்னொரு ஓரம். அவள் வீட்டுக்காரர் ராஜவேல் ஆர்டர் பிடிப்பார், நூல் வாங்கி வருவார். உள்ளே ஆட்களை மேய்ப்பது கிருத்திகா. நாடாவில் முடிச்சு, அறுப்பு பார்த்துச் சுருட்டிக் கட்டுவது முத்துப்பேச்சியாகிய நான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பொழுது சாயும்வரை காதில் கடகடவென்று அந்தச் சத்தம்தான். பஞ்சுத் துசும்பு தலையில் படிந்து எல்லோரும் கிழவிகள் மாதிரி இருப்போம்.

அவர்களுக்கு ஒரே பெண், மகிழினி. மூன்றாம் வகுப்பு. வயதுக்கு ஏற்ற வளர்த்தியே இல்லை. பூரி தின்றால் வயிற்றால் போகும், பிஸ்கட் தின்றால் வயிறு உப்பும், ராத்திரியெல்லாம் சுருண்டு கிடப்பாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், நானே எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். இந்தக் குழந்தையின் குடலுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது, ஆயுசு முழுக்க, ஒரு துணுக்குக்கூட. புண் ஆறும்வரை கொழுப்பையும் குறைக்க வேண்டும்.

அன்றைக்கே கிருத்திகா சமையலறையை மொத்தமாகக் கவிழ்த்தாள். கோதுமை பட்ட டப்பா, சல்லடை, பூரிக்கட்டை எல்லாம் வெளியே வந்தது. பூரிக்கட்டை எனக்குக் கிடைத்தது. அரிசி, ராகி, கம்பு, சோளம் என்று மாற்றி மாற்றிப் போட்டதில் புள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ‘பேச்சியக்கா, இவ தொடையக் கிள்ளிப் பாருங்க’ என்று கிருத்திகா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்படி இருந்த வீட்டில்தான் சத்யப்பிரியா வந்து கையை வைத்தாள்.

சத்யப்பிரியா ராஜவேலின் அக்காள். கிருத்திகாவுக்கு நங்கையா முறை. புருஷன் கந்தவேல் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர். அவர்கள் பையன் ரித்தீஷின் பிறந்தநாளை ஏசி ஹாலில் வைத்தார்கள். ஒரு மூலையில் தொப்பி போட்ட ஆள் நின்று, நீளமான பன்னைக் கீறி, உள்ளே ஒரு கறிக்குழலை வைத்து, மேலே மஞ்சளும் சிவப்புமாகச் சாஸைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஹாட் டாக்காம். புள்ளைகள் ஈ மாதிரி மொய்த்தன. மகி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கென்று கொண்டுபோன கம்பு லட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சத்யப்பிரியா ஏதோ பூமாலையைக் கொண்டுவரச் சொல்லிக் கிருத்திகாவைக் கீழே அனுப்பிவிட்டுப் புள்ளையிடம் வந்தாள். நான் பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது கண்ணு. உங்கம்மா பேச்சக் கேட்டுக் கேட்டு எலும்பும் தோலுமா நிக்கற. ஆ காட்டு.”

“அத்தை, எனக்கு ஆகாதுங்க.”

“அத்தை ஊட்டுனா அமுதம். ஆ காட்டு சாமி.”

நான், “அம்மா, டாக்டர் வேணாம்ன்டு சொல்லிருக்காகளாம்” என்றேன். “நீ உன்ற வேலையப் பாரு” என்றாள். ஒரு வாய் என்று தொடங்கி முழுதையும் ஊட்டிவிட்டாள். மகி என்ன செய்வாள் பாவம், ஆசையும் இருந்தது, தின்றுவிட்டாள். அன்று ராத்திரி தொடங்கியது பேதியும் வாந்தியும். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திப் படுக்க வைத்திருந்தார்கள். அந்தப் புறங்கை வீங்கிப்போய் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. சத்யப்பிரியா எட்டிப் பார்க்கவில்லை. ‘ஐஸ்கிரீம் சேரல போல. இவ ஸ்டைலுக்கு கோதுமை ஆகாதுன்னு சொல்லிட்டுத் திரியறா’ என்று ஒறம்பறைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். அவளும் ஒரு பொம்பளையா?

இவ்வளவு பட்டும் மகிக்கு ஆசை போகவில்லை என்பதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, எனக்கு ஒத்துக்கற ஹாட் டாக் எங்கீமே இல்லீங்களா?”

“இருக்கும் சாமி. அம்மா தேடித் தர்றேன்” என்றாள் கிருத்திகா.

தேடினாள். அவினாசி ரோட்டில் இருக்கிற பெரிய கடை ஒன்று பாக்கி இல்லை. ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து போவேன். ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பாள். கடைப் பையன்கள் எங்களைத் திருடிகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கோயம்புத்தூருக்கும் போனோம். பெங்களூரிலிருந்து ஆன்லைனில் ஒன்று வரவழைத்தாள்; நம் ஊர் வெயிலில் பெட்டி வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்தது நாறிப்போய் இருந்தது. கோதுமை இல்லாதது என்று ஒன்று கிடைத்தால் அதில் பாதிக்குப் பாதி கொழுப்பு. கொழுப்புக் குறைந்தது என்று ஒன்று கிடைத்தால் அதில் கோதுமை.

எங்கள் தெருமுக்கில் கோழிக்கறியும் மீனும் விற்கும் சகாயராஜ் தூத்துக்குடிக்காரர். கொஞ்ச காலம் கப்பலில் சமையலுக்கு இருந்தவர். அவரிடம் போய் நின்றோம்.

“அது அப்படித்தான்க்கா” என்றார். “கொழுப்புதான் கறியப் பிடிச்சு வைக்கும். அத எடுத்துட்டா உதுந்துபோவும்லா? அதுக்கு மாவப் போட்டுத் திணிப்பானுவ. ரெண்டும் இல்லாம கடையில கெடைக்காது. நீங்களே செஞ்சாத்தான் உண்டு.”

“கோதுமைக்குப் பதிலா என்ன போடறதுங்க?”

“பச்சரிசி மாவு போட்டுப் பாருங்க. முட்டை வெள்ளைக்கரு சேருங்க. தோலில்லாத நெஞ்சுக்கறி நான் அரைச்சுத் தாரேன். ஆனா உள்ள அடைக்க ஆட்டுக்குடல்லா வேணும்.”

“குடலெல்லாம் கொழுப்புங்களே.”

“அப்ப எதுல அடைப்பீய?”

 அப்போதே கிருத்திகாவின் கண் எங்கோ போய்விட்டது.

சத்யப்பிரியா அழைப்பு வைக்க வந்தது அந்த வாரத்தில்தான். ரித்தீஷுக்குக் காதுகுத்து. பொங்கலூர்ப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் மடி இல்லாமல் குத்தினால் ஊர் காறித் துப்பும். கந்தவேல் காரிலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தாம்பூலத் தட்டோடு உள்ளே வந்தாள். பட்டுப்புடவை. ராஜவேல் எழுந்து நின்றார். அக்காள் என்றால் அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம்.

“வாங்க நங்கையா. உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?” என்றாள் கிருத்திகா.

“மோரெல்லாம் வேண்டாங் கண்ணு. ரித்தீசுக்குக் காது குத்தறோம். நீங்க ரெண்டு பேரும் முன்னாடி நின்னு நடத்தோணும். தம்பி மடி இல்லாம எங்களுக்கு விசேசமே கெடையாது.”

“நடத்திப்போடலாங்க.”

“மகி எப்படி இருக்கறா?”

“உசுரோட இருக்கறாளுங்க.”

சத்யப்பிரியா தட்டைக் கீழே வைத்தாள். “நீ இன்னும் அதையே மனசுல வெச்சிருக்கற கிருத்தி. நான் என்ன வெசத்தையா குடுத்தேன்? என்ற தம்பி புள்ளைக்கு நான் கெடுதல் நெனப்பனா?”

“நீங்க எதுக்குங்க நெனைக்கறீங்க. உங்களுக்கு எல்லாந் தெரியும். அந்த டாக்டருக்குத்தான் ஒண்ணுந் தெரியல.”

“பேச்சப் பாரு. நாமெல்லாம் கோதுமை தின்னே வளரலயா? குடலு அவிஞ்சா போச்சு?”

“இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறீங்க.” கிருத்திகாவின் குரல் ஏறவே இல்லை. “ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. அன்னைக்கு ஊட்டுனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதும் எனக்கு.”

சத்யப்பிரியா தம்பியைப் பார்த்தாள். “ஏன்டா, நீயும் கேட்டுட்டு நிக்கற?”

ராஜவேல் கையிலிருந்த நூல் கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ.

“நான் பெரியவ. சின்னவகிட்ட தப்புன்னு சொல்றதுக்கா இத்தனை தூரம் தட்டத் தூக்கிட்டு வந்தேன்? மாமன் வரலீன்னா அசிங்கம் எங்களுக்கு மட்டுமில்ல, உங்களுக்குந்தான். பாத்துக்கோ.”

கார் போன பிறகு ராஜவேல் மெதுவாகச் சொன்னார். “போகாம இருக்க முடியாது கிருத்தி. அந்தப் பையன் என்ன பண்ணுனான்?”

“போக வேண்டாம்னு யாருங்க சொன்னாங்க? போலாம். சீரும் குறைவில்லாமக் கொண்டுட்டுப் போலாம். ஒரு தட்டு மட்டும் நான் வெக்கறது.”

பிறகு என்னிடம் வந்தாள். நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்த என் எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

“பேச்சியக்கா, ஒறம்பறை மொத்தமும் அங்க வரும். அத்தனை பேர்த்துகிட்டயும் நான் புள்ளையப் பட்டினி போடறேன்னு சொல்லி வெச்சிருக்கறா. அத்தனை பேர்த்து முன்னாடியும் அவ தலை குனியோணும். நான் அதக் கண்ணால பாக்கோணும்.”

“குனியட்டும் தாயி. நானும் வந்து பாக்குறேன்” என்றேன். பொய் சொல்வானேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது.

அதுவரை மகிக்காகத் தேடியவள் அன்றிலிருந்து நங்கையாளுக்காகத் தேட ஆரம்பித்தாள். வேலையும் விறுவிறுவென்று நடந்தது.

ஆட்டுக்குடலுக்குப் பதில் அவளுக்குத் தோன்றியது பனியன் துணி. தையல்காரி சமைத்தால் அப்படித்தான் தோன்றும். மெல்லிய வெள்ளைத் துணியை நீளமாக வெட்டி, விரல் தண்டிக்குக் குழாயாகத் தைத்தாள். செயின் தையல், ஒரு நுனி நூலைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்துவிடும். அதற்குள் அரைத்த கோழிக்கறி, அரிசி மாவு, வெள்ளைக்கரு, பூண்டு, மிளகு எல்லாம் பிசைந்து அடைத்து, இரண்டு பக்கமும் எங்கள் நாடாவாலேயே கட்டி, இட்லிச் சட்டியில் ஆவியில் வேக வைத்தாள். நூலை இழுத்தவுடன் தோல் உரித்த மாதிரி வழுவழுவென்று வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

மகி ஒரு கடி கடித்தாள். அப்படியே துப்பிவிட்டாள்.

“மிஷின் வாசம் வருதும்மா.”

நான் வாங்கி மோந்து பார்த்தேன். ஆமாம், ஊசி எண்ணெய். மிஷினிலிருந்து இறங்கிய சலவை செய்யாத துணியில் அந்த எண்ணெய் ஊறிப்போய்த்தான் இருக்கும். நாளெல்லாம் அந்த வாடையிலேயே கிடக்கிற எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசமாகவே படவில்லை. மிஷின் பக்கமே வராதவள் யாராவது இருந்திருந்தால் துணியைத் தொட்டதுமே சொல்லியிருப்பாள். கிருத்திகா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த தடவை துணியைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, அலசி, மறுபடி கொதிக்க வைத்து, மொட்டை மாடி வெயிலில் போட்டாள். அந்தத் தடவை கறி வெந்து வெடித்தது. அதற்கடுத்து உப்பு ஏறிப்போனது. பன் பாடு அதைவிட மோசம். அரிசி மாவிலும் சோள மாவிலும் செய்தது வெடித்துப் பாளம் பாளமாகப் போனது. மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் உமியைப் போட்டுப் பிசைந்தால் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ போனில் சொல்லி, அதையும் செய்து, ஒருவழியாகச் சுமாராக வந்தது. கீறினால் நிற்கும், அழுத்திப் பிடித்தால் உதிரும். “மெதுவாப் புடிச்சுத் தின்னாப் போதும்” என்றாள் கிருத்திகா. ராஜவேல் மட்டும் ஒரு தரம் கேட்டுப் பார்த்தார்.

“சீர்த்தட்டுல கறி வெக்கலாமா கிருத்தி?”

“கெடாயே வெட்டறாங்க. கோழி வெச்சா சாமி கோவிச்சுக்குமா?”

அவர் நூல் வாங்கப் போய்விட்டார்.

விசேஷத்தன்று விடிந்ததும் விடியாததுமாக நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எல்லாம் நினைத்த மாதிரி வந்தது. நூலை இழுக்க இழுக்க ஒன்றுகூட உடையவில்லை. வாசம் வெளிவாசல்வரை போனது. சாஸும் அவளே தக்காளியை வேக வைத்து அரைத்தது. தலைவாழை இலை விரித்த பெரிய தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினாள். மகி குளித்து, பாவாடை கட்டி, இரட்டைச் சடையோடு வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, எனக்கொண்ணு.”

“மண்டபத்துல கண்ணு. உங்கத்தை பாக்கப் பாக்கத் தின்னோணும்.”

“பாதி மட்டும்மா.”

“சொன்னாக் கேளு சாமி. எல்லாருக்கும் முன்னாடி அம்மா உன்னையக் கூப்புடுவேன். அப்ப வந்து முழுசாத் தின்னு. தெரிஞ்சுதா?”

“கூப்புடுவீங்களா?”

“கூப்புடுவேன்.”

புள்ளை ஒரு தரம் மூச்சை இழுத்து மோந்துவிட்டுப் போய்விட்டது.

பொங்கலூரில் அன்று நல்ல காற்று. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பிரியாணியும் கிடாய்க்குழம்பும் பரோட்டாவுமாகப் பந்திக்கு ஏற்பாடு. ராஜவேல் மடியில் உட்கார்ந்த ரித்தீஷ், ஆசாரி ஊசியை எடுத்ததுமே மண்டபம் கிடுகிடுக்கக் கத்தினான். சத்யப்பிரியா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமையில் வந்த அழுகை. இரு, இரு, இன்னும் இருக்கிறது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமன் சீர் வந்தது. பழம், பட்டு, பாத்திரம், பலகாரம் என்று தட்டுகளை மேடையில் வரிசையாக வைத்தார்கள். பங்காளி வீட்டுத் தமிழ்செல்வன் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு தட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசித் தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

“இது என்னன்னு சொல்றதுங்க?”

“நானே சொல்லிக்கறேன் தம்பி” என்று கிருத்திகா மைக்கை வாங்கினாள். 

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ராஜவேல் ஊட்டுக்காரிங்க. என்ற புள்ளைக்குக் கோதுமை ஆகாதுங்க, தின்னாக் குடல் புண்ணாயிருமுங்க. நான் அவளப் பட்டினி போடறேன்னு உங்க காதுக்கெல்லாம் சேதி வந்திருக்குமுங்க. சொன்னவங்க நல்லா இருக்கட்டும். அவங்கதானுங்க போன விசேசத்துல, நான் இல்லாத நேரம் பாத்து, புள்ள ஆகாதுன்னு சொல்லச் சொல்ல ஊட்டுனாங்க. புள்ள ஆஸ்பத்திரில கெடந்தா. எட்டிக்கூடப் பாக்கலீங்க. பரவால்லீங்க, வேல இருந்திருக்கும். அவங்க ஆசையா ஊட்டுன அதே பண்டத்தக் கோதுமை இல்லாம, கொழுப்பு இல்லாம நானே செஞ்சு சீராக் கொண்டாந்திருக்கறனுங்க. மொத வாய் எங்க நங்கையாளுக்குத்தானுங்க.”

 கிருத்திகா ஒன்றை எடுத்துக்கொண்டு போய் சத்யப்பிரியாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“ஆ காட்டுங்க நங்கையா.”

ஒன்றும் புரியாத வீடியோக்காரன், “அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி ஊட்டுங்க” என்றான். சத்யப்பிரியா வாயைத் திறந்தாள். வேறு வழி? மென்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கந்தவேல் செல்போனை எடுத்து அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கதிர்வேல், அந்த வீட்டுப் பங்காளிகளில் மூத்தவர், கேட்டார். “ஏம்மா சத்யா, நெசமா? ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சா?”

சத்யப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். கிருத்திகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வயிறு குளிர்ந்துபோனது. அந்த வீங்கிய புறங்கைக்கு இது போதாது என்றுகூடத் தோன்றியது.

“எல்லாரும் எடுத்துக்கங்க” என்று தட்டை இறக்கி வைத்ததுதான் தாமதம், குழந்தைகள் விழுந்தடித்துக்கொண்டு வந்தன. பெரியவர்களும் விடவில்லை. “கோழியா இது, இத்தனை பதமா இருக்குதே” என்றார்கள். “எதுல கட்டி வேக வெச்ச?” என்று பொம்பளைகள் கிருத்திகாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். அருமையாக இருந்தது. கிருத்திகா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே சத்யப்பிரியா எங்கே போகிறாள், யார் அவளோடு பேசுகிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். கூட்டம் கலைந்தது.

மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மகி உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டவில்லை. எத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறாளோ. அம்மாவைச் சுற்றி ஆள் குறைந்ததும் இறங்கி வந்து புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, என்னையக் கூப்புடவே இல்லீங்களே. இப்பத் தின்னலாங்களா?”

கிருத்திகா திரும்பித் தட்டைப் பார்த்தாள். வாழையிலையும் உதிர்ந்த பன் துகளும்தான் கிடந்தன. இலையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்துத் தட்டுகளை நகர்த்திப் பார்த்தாள். “பேச்சியக்கா, ஒண்ணு எடுத்து வெச்சீங்களா?” என்று என்னைக் கேட்டாள். நான் தின்ற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“தீந்துபோச்சுங்களாம்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் பந்திப் பக்கமிருந்து சத்யப்பிரியா வந்தாள். முகம் அழுது வீங்கிப்போயிருந்தது. கையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடியிருந்தாள்.

“புள்ளைங்க அள்ளிட்டுப் போறப்பவே ஒண்ண எடுத்து வெச்சுட்டேன். மகிக்கின்னு. நீ அவளுக்குக் குடுக்கவே இல்ல, நான் பாத்துட்டேதான் இருந்தேன்” என்றாள்.  “அன்னைக்குச் செஞ்சது தப்புத்தான் கிருத்தி. நான் வந்திருக்கோணும் ஆஸ்பத்திரிக்கு. பயந்துட்டேன். தப்புத்தான்.”

மேல் தட்டை எடுத்தாள்.

“பன்னு ஒடஞ்சு உதுந்துபோச்சு. வெறுங்கறியாக் குடுக்கக்கூடாதுன்னு மாஸ்டர்கிட்டச் சொல்லி எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஊத்தாமத் தனியாப் போட்டு வாங்கியாந்தேன். கொழுப்பு ஆகாதல்ல புள்ளைக்கு?”

அந்தக் கறிக்குழலைச் சுடச்சுட ஒரு பரோட்டாவில் அழகாகச் சுருட்டி வைத்திருந்தாள்.

மகி நீட்டிய கையைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டாள். “அத்தை, இது மைதாங்க” என்றாள் மெதுவாக.

சத்யப்பிரியா தட்டைப் பார்த்தாள், புள்ளையைப் பார்த்தாள்.  உள்ளே இருப்பதை இனி உருவி எடுத்தாலும் பிரயோசனம் இல்லை. மைதா பட்டது பட்டதுதான். கிருத்திகா தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். குப்பைத் தொட்டியில் போட்டிருக்கலாம். கேட்ட வார்த்தையும் கிடைத்தாகிவிட்டது, குனிய வேண்டிய தலையும் குனிந்தாகிவிட்டது. எனக்கே அந்த நேரத்தில் போதும் தாயி என்று தோன்றியது.

கிருத்திகாவுக்குப் போதவில்லை. தட்டிலிருந்ததைக் கையில் எடுத்தாள். நங்கையாளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு ஒரு கடி கடித்தாள். ‘நீ கொடுத்தது என் புள்ளை வாய்க்குப் போகாது, பார்’ என்பதுபோல் நிதானமாக மென்றாள். அடுத்த கடி. சத்யப்பிரியா காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

மகி அம்மாவின் புடவையை விடவில்லை. தலையை அண்ணாந்து, அம்மாவின் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்குதுங்களாம்மா?” என்று கேட்டாள்.

கிருத்திகா மென்றுகொண்டே இருந்தாள். அவளால் விழுங்க முடியவில்லை.